மஞ்சள் துணியில் கட்டிய வசம்பு

கரோல் பாக்,
21 நவம்பர் 2025, வெள்ளி இரவு

என் மேதாப் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், புகைமூட்டத்தில் காலையில் தொண்டை மட்டும் கரகரக்கிறது, நவம்பரில் டெல்லியில் இருப்பதற்கு அது வாடகை. நீ அங்கே குவாஹாட்டி காலேஜ் ஹாஸ்டலில் வயிறாரச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, இருமல் சளி இல்லாமல் இருக்கிறாய் என்று நானாகவே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன், ஏனென்றால் நீ வாயைத் திறந்து சொல்லிப் பதினோரு நாளாகிறது. போன் செய்தால் எடுப்பதில்லை, மெசேஜ் போட்டால் ‘ம்’ என்று ஒற்றை எழுத்து வருகிறது, அதை நான் நாள் முழுக்க எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் காகிதம். தமிழ் வாசிப்பது உனக்கு அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி என்று தெரியும், மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை விட்டே ஏழு வருஷம் ஆயிற்று, ஆனாலும் இதை இங்கிலீஷில் எழுதினால் ஆபீஸ் லெட்டர் மாதிரி வருகிறது, இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். மெதுவாகப் படி, நாலு நாள் எடுத்துக்கொள், ஆனால் நடுவில் நிறுத்தாதே. அப்படி நிறுத்துவதாக இருந்தாலும் இந்த இடம் வரைக்குமாவது படித்துவிடு: நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிய காகிதம் இன்று வந்துவிட்டது, அதை நான் யாரிடமும் கொடுக்கப் போவதில்லை, காரைக் கெடுத்தது நீ இல்லை. நான்.

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை, தசராவிலிருந்தே சொல்கிறேன். அக்டோபரில் ஒரு நாள் காலை ஆறே முக்காலுக்கு லேபுக்குக் கிளம்பினேன், சாப்பிடாமல் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் ஏழுக்கே வந்து வாசலில் நிற்பார்கள், நான் போனால்தான் கதவே திறக்கும். ஃப்ளைஓவர் ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறேன், கால் கீழே போகிறது, வண்டி போக மாட்டேன் என்கிறது. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி. நாற்பது, முப்பத்தைந்து, முப்பது என்று முள் இறங்குகிறது, பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே முட்டுகிற தூரத்துக்கு வந்துவிட்டது, டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிகிறது. எப்படியோ ஓரம் கட்டி நிறுத்தி, காலை எடுத்து, ஒரு நிமிஷம் கழித்து மறுபடி எடுத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. இது ஒரு நாளில்லை, மேட்டில் ஏறும்போதெல்லாம், அவசரமாக மிதிக்கும்போதெல்லாம். மெதுவாகப் போனால் சாது. அப்பாவிடம் சொன்னால் முதலில் என் டிரைவிங்கைத்தான் சொன்னார், ‘நீ கியரை மாத்தாமயே மிதிப்ப’ என்று. பிறகு அவரே ஒரு நாள் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டோம். அங்கே அபிஷேக் என்று ஒரு பையன், டை கட்டியிருப்பான், எதற்கெடுத்தாலும் ‘கோயி டென்ஷன் நஹி மேம்’, கவலையே வேண்டாம் என்பான், அவன் அப்படிச் சொல்லும்போதுதான் எனக்கு டென்ஷன் ஏறும். கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்துவிட்டு த்ராட்டில் பாடி அழுக்கு என்றான். இன்ஜினுக்குள் காற்று போகிற வழியில் ஒரு சின்னக் கதவு இருக்குமாம், நாம் மிதிக்க மிதிக்க அது திறக்குமாம், அதற்குத்தான் அந்தப் பேர். சுத்தம் பண்ணினார்கள், நாலாயிரத்து எழுநூறு. அவர்களே ஓட்டிப் பார்த்தார்கள், என்னையும் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டினார்கள், வெண்ணெய் மாதிரி போயிற்று. சந்தோஷமாக வீட்டுக்கு எடுத்து வந்தேன், நாலாம் நாள் மறுபடி அதே ஃப்ளைஓவர், அதே இழுவை. இரண்டாவது தடவை விட்டபோது கதவையே மாற்ற வேண்டும், ஆக்ஸிலரேட்டர் பெடலையும் சேர்த்து மாற்றினால் நல்லது, ஐம்பத்தெட்டாயிரத்து முந்நூறு என்று எஸ்டிமேட் அடித்துக் கொடுத்தான். அப்பா முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவனே ஒரு வழியும் சொன்னான். வண்டி மழைத்தண்ணீரில் இறங்கியதா மேம், தண்ணீர் உள்ளே போனால் உடனே தெரியாது, உள்ளுக்குள்ளேயே அரித்து இரண்டு மூன்று மாதம் கழித்துக்கூடக் காட்டும், அப்படி இருந்தால் இன்ஷூரன்ஸில் போட்டுவிடலாம், ஓட்டினவர் கைப்பட எழுதி அசல் கையெழுத்தோடு கொடுத்தால் போதும் என்றான்.

அவ்வளவுதான், அந்த இடத்தில் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உன் முகம் வந்துவிட்டது. ஜூலையில் அந்த மழை நாளில் நீதானே உன் சிநேகிதி மானசாவை ஸ்டேஷனில் விடக் காரை எடுத்துப் போனாய், ஒன்றரை மணி நேரம் தாமதமாகத்தானே வந்தாய். நீ அன்றைக்கே சொன்னாய், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, பாலத்தடியில் தண்ணீர் நின்றது, நான் இறக்கவில்லை, திருப்பி ஓரமாக நிறுத்திவிட்டு வடிந்த பிறகு வந்தேன் என்று. நாங்கள்தான் காதில் வாங்கவில்லை, நேரமானதற்குத் திட்டினோம். கம்ப்யூட்டர் ஒன்று சொன்னதும் மூன்று மாதம் முன்னால் நீ சொன்னது பொய்யாகிவிட்டது பார். அப்பா போனில் உன்னிடம் பேசின பேச்சு எனக்கு அடுப்படியில் கேட்டது. ‘ஒத்துக்கிட்டா என்ன, உன்னைய என்ன தூக்குலயா போடப்போறோம், எழுதிக் குடுத்தா அறுபதாயிரம் மிச்சமாகும்ல’ என்றார். நீ நான் செய்யாததை எப்படி எழுதுவேன் என்று ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொன்னாய். பிறகு போன் என் கைக்கு வந்தது. நீ ‘அம்மா, நீயுமா நம்பல’ என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன்? ‘ஒரு கையெழுத்துதானே பாப்பா’ என்றேன். நீ போனை வைத்துவிட்டாய். டிசம்பரில் ப்ராஜெக்ட் இருக்கிறது, வர முடியாது என்று மறுநாள் ஒரு மெசேஜ் போட்டாய். ப்ராஜெக்டும் இல்லை ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியாதா.

இன்று லேபிலிருந்து வந்தபோது கீழே தபால் பெட்டியில் உன் ஸ்பீட் போஸ்ட் இருந்தது. படியேறும்போதே பிரித்துவிட்டேன். நாலே வரி. இன்ன தேதியில் பாலத்தடியில் தேங்கியிருந்த தண்ணீருக்குள் காரை ஓட்டினேன் என்று, பாடப் புத்தகத்தைப் பார்த்து எழுதின மாதிரி நேர் நேரான எழுத்து, கீழே கையெழுத்து. கூட ஒரு துண்டுச் சீட்டு இல்லை, எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி இல்லை. சண்டை முடியட்டும் என்று நீ எழுதிக் கொடுத்துவிட்டாய், அது பார்த்ததுமே தெரிகிறது. இருபது வயதில் என் பெண் முதல் முதலாகக் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்த வாக்குமூலம் ஒரு பொய், அதையும் நான் கேட்டு வாங்கியது. காபி போட்டேன், குடிக்கவில்லை. நாளைக் காலை பத்து மணிக்கு வண்டியையும் இந்தக் காகிதத்தையும் அபிஷேக்கிடம் கொடுக்க வேண்டும், எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் வைக்கலாம் என்று சர்வீஸ் சென்டரில் கொடுத்த இரண்டு ஜாப் கார்டையும் எடுத்தேன். சர்வீஸுக்கு விடும்போது வண்டியில் என்னென்ன சாமான் இருக்கிறது என்று அவர்கள் ஒரு மூலையில் எழுதிக்கொள்வார்கள், நான் இதுவரை படித்ததே இல்லை. குடை ஒன்று, தண்ணீர் பாட்டில் ஒன்று, டேஷ்போர்டில் பிள்ளையார் ஒன்று. அதற்குக் கீழே, பானெட்டுக்குள் ‘பூஜா பொட்லி’ ஒன்று. இரண்டு கார்டிலும் அதே.

நம் வண்டியில் ஏது பூஜைப் பொட்டலம்? அப்பாவிடம் கேட்டேன். செய்தி பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பாமலே ‘இந்த வீட்ல பொட்டலம் கட்டுறது யாரு, நீதான் கட்டுவ’ என்றார், வழக்கமான கேலிதான். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. நீ ஆகஸ்டில் கிளம்பிப் போன வாரம் எலி வந்து கண்ணாடி துடைக்கிற தண்ணீர்க் குழாயைக் கடித்துப் போட்டிருந்தது, கீழே ஸ்வீட் கடைக்காரர் கொட்டுகிற மிச்சத்துக்கு வருகிற எலிதான், ஒவ்வொன்றும் பூனை சைஸ். எல்லோரும் புகையிலை வை என்றார்கள், எனக்குப் புகையிலை நாற்றம் ஆகாது, மலை மந்திர் முருகன் கோயில் பக்கம் போனபோது கடையில் வசம்பு வாங்கி வந்தேன். நம் ஊர்ப் பக்கம் பூச்சி பொட்டுக்கு வசம்புதானே, எலிக்கும் ஆகும் என்று நானே ஒரு கணக்குப் போட்டேன். தட்டி, உன் பழைய மஞ்சள் துப்பட்டாவில் ஒரு துண்டு கிழித்து முடிந்து, வீட்டில் கட்டுக் கயிறு இல்லாததால் கீழ்வீட்டு ஹிந்திக்கார பாபி ஏதோ பூஜைக்குக் கொடுத்த சிவப்பு நூலால் பானெட்டுக்குள் ஒரு குழாயில் கட்டினேன். துணியை இன்னும் கிழிக்க மனசு வராமல் நீளமாக விட்டுவிட்டேன், உன் துப்பட்டா அல்லவா. மஞ்சள் துணி, சிவப்பு நூல், பானெட்டுக்குள் தொங்குகிறது. பார்க்கிறவன் என்ன நினைப்பான் சொல்லு.

டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன், மணி ஏழுதான் இருக்கும், அப்பா என்னாச்சு என்னாச்சு என்று செருப்பு மாறிப் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தார். பானெட்டைத் திறந்தால் நூல் தளர்ந்து இறங்கி, பொட்டலம் ஒரு கறுப்பு வாய்க்கு நேர் மேலே தொங்கிக்கொண்டிருக்கிறது, இன்ஜினுக்குக் காற்று இழுக்கிற வாய் அதுதான். அப்பாவை உள்ளே உட்கார வைத்து ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். சும்மா ஓடும்போது துணி லேசாக ஆடிற்று, அவ்வளவுதான். மிதிங்க என்றேன். மிதித்தார். அந்தத் துணி வால் எழும்பி, சப்பென்று அந்த வாயில் போய் ஒட்டிக்கொண்டது பாப்பா, யாரோ உள்ளேயிருந்து கையால் பிடித்து இழுத்த மாதிரி. இன்ஜின் சத்தம் அப்படியே அமுங்கிற்று. காலை எடுங்க என்றேன், துணி விழுந்தது. மறுபடி மிதிக்கச் சொன்னேன், ஒட்டியது. ஐந்து தடவை பார்த்தேன், நம்பாமல் இல்லை, கண்ணை எடுக்க முடியவில்லை. அப்பா இறங்கி வந்து டார்ச்சை வாங்கி அவரும் பார்த்தார். கீழ்வீட்டு பாபி பால்கனியிலிருந்து ‘க்யா ஹுவா ஜி, சாம்ப் நிக்லா க்யா’ என்று கேட்கிறார், பாம்பு புகுந்துவிட்டதோ என்று அவருக்குப் பயம். பாம்பாக இருந்தால் தேவலை என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கேயே நின்று அபிஷேக்குக்குப் போன் போட்டேன். பானெட்டில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டால், பார்க்காமல் என்ன மேம், அது உங்கள் பூஜை சாமான், சாமி விஷயத்தில் நாங்கள் எப்படிக் கை வைப்போம் என்கிறான். வேலை செய்கிற ஆள் ஒவ்வொரு தடவையும் கையைக் கழுவிவிட்டு அதை எடுத்துத் தனியாக ஒரு தட்டில் வைத்துவிட்டு, டெஸ்ட் டிரைவ் எல்லாம் முடிந்த பிறகு, எப்படி இருந்ததோ அதே இடத்தில் அதே மாதிரி மாட்டிவிட்டானாம். ‘ஏக்தம் வைசே ஹி, மேம்’ என்று பெருமையாகச் சொன்னான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவர்கள் மரியாதைக்கு அவர்கள் எடுத்து வைத்தார்கள், அதனால் அங்கே ஓடினது, மரியாதையாகத் திருப்பிக் கட்டினார்கள், அதனால் இங்கே நின்றது. ஒருத்தன் அது என்ன என்று கேட்டிருந்தால் போதும், நானாவது அந்தக் கார்டைப் படித்திருந்தால் போதும். அவன் அதோடு விடவில்லை, பார்ட் ஆர்டர் போய்விட்டது, மாற்றியே விடுங்கள், க்ளெய்மில்தானே வருகிறது, உங்களுக்கு என்ன போகிறது என்றான். என் பெண் கையெழுத்து போகிறதே என்று எனக்கு ஹிந்தியில் சொல்ல வரவில்லை. ‘நஹி பையா, கேன்சல்’ என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். பார்ட்டுக்குக் கட்டின அட்வான்ஸ் மூவாயிரம் திரும்ப வராதாம். வராமல் போகட்டும்.

பொட்டலத்தை அவிழ்த்துவிட்டு அப்படியே காரை எடுத்தோம், நான்தான் ஓட்டினேன். அதே ஃப்ளைஓவர். மிதித்ததும் வண்டி குதித்துக்கொண்டு ஏறியது. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும், இல்லை. ஏறி இறங்கித் திரும்பி சிக்னலில் நின்றபோது அப்பா ‘அவ அன்னைக்கே சொன்னாள்ல’ என்றார், அவ்வளவுதான். எனக்கு அவரைவிட என் மேல்தான் ஆத்திரம். உன் அப்பா கம்ப்யூட்டரை நம்பினார், அவருக்கு என்ன தெரியும். நான் பதினேழு வருஷமாக லேபில் இருக்கிறேன். பொட்டாசியம் எகிறி ஒரு ரிப்போர்ட் வந்தால் நோயாளியைப் பயமுறுத்தாதே, முதலில் ரத்தம் எடுத்த விதத்தைச் சந்தேகப்படு, இன்னொரு சாம்பிள் எடு என்று புதுசாக வருகிற பெண்களுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். யார் யாருக்கோ இரண்டாவது சாம்பிள் எடுத்தேன், உனக்கு எடுக்கவில்லை. நீ போனது ஆகஸ்ட் மூன்று, நான் பொட்டலம் கட்டினது அதற்கு அடுத்த வாரம், நீ இருந்தவரை வண்டி ஒரு நாள் இழுத்ததில்லை, இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு டிகிரி தேவையா? பயம் வந்துவிட்டால் எனக்கு மூளை வேலை செய்வதில்லை கண்ணு. உன்னைப் பெறும்போது எனக்கு இருபத்திரண்டு, அன்றிலிருந்தே ஏதாவது ஒன்று ஆகிவிடும் ஆகிவிடும் என்றே இருந்துவிட்டேன், எலிக்குப் பயந்து அதைக் கட்டினேன், லாரிக்குப் பயந்து உன்னைக் கையெழுத்துப் போட வைத்தேன்.

உன் காகிதத்தை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். நானே கிழித்திருப்பேன், பாதி மடித்தும் விட்டேன், பிறகு வேண்டாம் என்று தோன்றியது. அது உன் கையெழுத்து, நீதான் கிழிக்க வேண்டும். கிழித்து ஹாஸ்டல் குப்பையில் போடு, ஃபோட்டோ எதுவும் எடுத்து வைத்திருந்தால் அதையும் அழித்துவிடு. இனிமேல் யார் கேட்டாலும், நானே அழுதுகொண்டு கேட்டாலும், செய்யாததைச் செய்தேன் என்று எழுதிக் கொடுக்காதே. அப்பா உன்னிடம் பேச வேண்டும் என்று இரண்டு தடவை போனை எடுத்துக் கீழே வைத்துவிட்டார், நீயே எழுதிவிடு என் பேரையும் சேர்த்து என்றார், உங்கள் பங்கை நீங்களே சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டேன். சொல்வார், கொஞ்சம் நேரம் கொடு. டிசம்பருக்கு உன்னை வா என்று கட்டாயப்படுத்தவில்லை. அந்த உரிமையை இந்தத் தடவை நான் தொலைத்துவிட்டேன். வந்தால் சாவியை உன் கையில் கொடுக்கிறேன், நான் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக் பிரேக் என்று கத்த மாட்டேன், முயற்சி செய்கிறேன்.

மணி ஒன்றரை ஆகிறது, ஏழுக்கு லேப். உனக்கு எந்தக் குறையும் வராமல், யாருக்கும் தலை குனியாமல், நன்றாக இருக்க வேண்டும், மீனாட்சி உன் பக்கம் நிற்கட்டும். வாளியில் போடுகிற ஹீட்டர் ராடை ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கின பிறகுதான் தண்ணீரில் கை வைக்க வேண்டும், மறக்காதே, இதற்கு மட்டும் ‘ம்’ என்றாவது அனுப்பு.

உன் மேல் உயிராக இருக்கும்,
அம்மா அபிராமி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அப்பா எழுந்து வந்து எல்லாவற்றையும் படித்துவிட்டார், ஒன்றும் திருத்தவில்லை. ஒன்றே ஒன்று கேட்டு எழுதச் சொன்னார். அன்று அந்த மழையில் ஒன்றரை மணி நேரம் பாப்பா எங்கே நின்றாள், ஏதாவது சாப்பிட்டாளா, பயந்தாளா என்று கேள் என்றார். நாங்கள் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டியது. எப்போது சொல்லத் தோன்றுகிறதோ அப்போது சொல், முழுவதும் கேட்கிறோம்.